உங்களுக்குத் தெரியுமா? ஆலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை

1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு பரவிய இரவில், காற்றில் கலந்தது என்ன என்பது ஓடிய மக்களுக்கும் தெரியாது, சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. முகத்தில் ஈரத்துணி போர்த்திக்கொள்ளுங்கள் என்ற எளிய யோசனைகூட ஊருக்குள் போய்ச் சேரவில்லை. மறு ஆண்டே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையில் வாயு கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சொந்த ஊரில் நடந்த பிறகுதான் வேகம் வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. 1986இல் அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சட்டமே வந்துவிட்டது.

அதன்படி, அபாயகரமான ரசாயனத்தைச் சுமார் 4,500 கிலோவுக்கு மேல் இருப்பு வைக்கும் நிறுவனம், ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் அதன் பெயர், அளவு, வைத்திருக்கும் இடம் எல்லாவற்றையும் மாநில, வட்டார அவசரகாலக் குழுக்களுக்கும் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுதித் தர வேண்டும். கொடிய நச்சுப் பொருள்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. பொதுமக்களும் கேட்டுப் பெறலாம்.

ஆனால் பட்டியல் கோப்பில் கிடந்தால் போதாது; ஆபத்தில் இறங்குபவர்கள் அதை அறிந்திருக்கவும் வேண்டும். 2013இல் டெக்சஸின் வெஸ்ட் என்ற சிற்றூரில் உரக்கிடங்கில் பிடித்த தீயில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் போனவர்கள்.

இந்தியாவிலும் 1989ஆம் ஆண்டு விதிகள், பெருவிபத்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு ஆலைகள் முன்கூட்டியே தகவல் தர வேண்டும் என்கின்றன.