படிப்பில் விழுந்த இடைவெளியை மறைக்க வேண்டாம்



பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க எங்களிடம் வரும் பலர், படிவத்தில் ஓர் இடத்தில் மட்டும் தயங்கி நிற்பார்கள். "முன்பு படித்த பாடசாலை, வகுப்பு" என்ற இடம்தான் அது. முல்லைத்தீவு, மன்னார், வடமராட்சி போன்ற கரையோர ஊர்களிலிருந்து வந்தவர்களிடம் இந்தத் தயக்கம் கூட.

ஊரில் நான் படிப்பித்ததும் கடற்கரைப் பாடசாலையில்தான். மீன்பிடிப் பருவம் மாறினால் குடும்பத்தோடு வாடிக்குப் போய்விடுவார்கள். இடாப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் வரவு இருக்காது. 1990 இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2009 வரை நடந்த யுத்தம் என்று உங்களில் பலருடைய படிப்பு நின்றது. 2020, 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டின. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகளும் சில வாரம் மூடின. பிறகு பயணத்தில் போன காலம். இது உங்கட பிழையுமில்லை, பிள்ளையின்ர பிழையுமில்லை.

ஒரு தாய், "உண்மையைச் சொன்னால் சின்னப் பிள்ளையளோட இருத்திப்போடுவினம்" என்று பயந்து, ஆறாம் வகுப்போடு நின்ற மகன் எட்டாம் வகுப்பு முடித்ததாக எழுதிவிட்டார். பையன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் மட்டும்தான் பிரச்சினை என்று ஆசிரியர்கள் நினைத்தார்கள். பின்னக் கணக்கை அவன் தமிழிலும் படிக்கவில்லை என்று தெரியவர ஆறு மாதம் போய்விட்டது.

அந்தப் பயம் தேவையில்லாதது. இங்கே பொதுவாக வயதைப் பார்த்தே வகுப்பு. செப்டெம்பர் 1ஆம் திகதி 13 வயது நிரம்பிய பிள்ளை 9ஆம் ஆண்டுக்குத்தான் போகும். இடைவெளியைச் சொன்னால் வகுப்பு குறையாது. உதவி கிடைக்க வழி பிறக்கும்.

செய்ய வேண்டியவை:

1. 5 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராவிட்டாலும் அரச பாடசாலையில் இலவசமாகச் சேரலாம். நீங்கள் வசிக்கும் இடத்துக் கவுன்சிலில் "இன்-இயர் அட்மிஷன்" படிவம் கேளுங்கள். 15 பாடசாலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். இடம் மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

2. ஒரு தாளில் வருடவாரியாக எழுதுங்கள்: எங்கே இருந்தீர்கள், பிள்ளை எந்த வகுப்பு, எத்தனை மாதம் போகவில்லை, ஏன். தேர்ச்சி அறிக்கை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை.

3. ஹோம் ஒபிசுக்குச் சொன்ன திகதிகளோடு இது முரண்படக்கூடாது. சரியாக ஞாபகம் இல்லையென்றால் "ஏறக்குறைய" என்று எழுதுங்கள். ஊகித்துத் திகதி போடவேண்டாம். முன்பு ஏதும் பிழையாகச் சொல்லியிருந்தால் உங்கள் சொலிசிட்டரிடம் உடனே சொல்லுங்கள்.

4. பாடசாலைச் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க விடவேண்டாம். தன் குறையைத் தானே சொல்ல அது வெட்கப்படும். "இந்தப் பாடத்தைத் தமிழிலும் படிக்கவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தெரியாததும் பாடம் விடுபட்டதும் இரண்டு வேறு பிரச்சினைகள்.

5. 14, 15 வயதில் வந்த பிள்ளைக்கு ஜி.சி.எஸ்.இ. சோதனை கிட்ட வந்துவிடும். எத்தனை பாடம் எடுப்பது நல்லது என்று ஆசிரியரோடு கதையுங்கள். 16 வயதோடு எல்லாம் முடிந்துவிடாது. கல்லூரியில் ஆங்கிலமும் கணிதமும் தொடர்ந்து படிக்கலாம்.

6. ஹோம் ஒபிஸ் உதவிப்பணத்தில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இலவச மதிய உணவு கேட்கலாம். லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் 2023 செப்டெம்பரிலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உண்டு.

உங்களுக்கே எழுத வாசிக்கக் கஷ்டமென்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கோ. பாடசாலைக் கடிதங்களைச் சேர்த்துவைக்காமல் உடனே கொண்டுவாருங்கள். பிள்ளையின் பிறந்த திகதிக்கான கடதாசி, உங்கள் விலாசம் உள்ள கடிதம் இரண்டும் கையில் இருந்தால் போதும். தமிழில் கதைத்துச் சேர்ந்தே படிவத்தை நிரப்புவோம்.