சிறைக்குப் போன சிகிச்சை
(‘வைத்தியமும் சட்டமும்’ தொடர் – 9)

மிசௌரி ராஜ்யத்தின் கிர்க்ஸ்வில் நகரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1892-இல் பள்ளிக்கூடம் வைத்துக் கற்பிக்கத் தொடங்கிய ஆஸ்டியோபதி, ஆரம்பத்தில் அல்லோபதி டாக்டர்களின் பரிகாசத்துக்கு ஆளாகி, பின்பு அவர்களுடைய பாடங்களையே தானும் படித்து, அவர்களுடைய மருந்துகளையே தானும் எழுதிக் கொடுத்து, 1962-இல் கலிபோர்னியாவில் பெரும்பாலோர் எம்.டி. பட்டத்தையே ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவர்களோடு கலந்துபோன வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். அதற்குச் சில வருஷங்கள் பின்னால் பிறந்து, அதே முதுகெலும்பைத் தொட்டு, அதே கைகளால் சிகிச்சை செய்து, ஆயினும் டாக்டர்களோடு சேரவே மாட்டேன் என்று விலகி நின்றதனாலேயே சட்டத்தின் அங்கீகாரத்தைப் பெற்ற மற்றொரு முறையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். அதற்குக் கைரோபிராக்டிக் என்று பெயர்.

சுளுக்கு வழிக்கும் கைகள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்தக் கைகளுக்கு ஒரு சித்தாந்தத்தையும், சித்தாந்தத்துக்கு ஒரு கல்லூரியையும், கல்லூரிக்கு ஒரு பட்டத்தையும் உண்டாக்கியவர் டேனியல் டேவிட் பாமர். கனடாவில் 1845-இல் பிறந்து, பள்ளி ஆசிரியராகவும் மளிகை வியாபாரியாகவும் இருந்து பார்த்துவிட்டு, மிஸிஸிபி நதிக்கரையில் அயோவா ராஜ்யத்தைச் சேர்ந்த டேவன்போர்ட் நகரில் காந்த சக்தியால் நோய் தீர்ப்பவராகப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தவர் அவர். அவருடைய கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்துவந்த ஹார்வி லில்லார்டுக்குப் பல வருஷங்களாகக் காது கேளாது. 1895 செப்டம்பரில் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்த பாமர், நிலை பிறழ்ந்த ஒரு கசேருவைத் தள்ளி நேராக்கியதும் காது கேட்கத் தொடங்கிற்று என்று சொன்னார். காதுக்குச் செல்லும் நரம்பு மூளையிலிருந்து நேரே போவதன்றி முதுகெலும்பின் வழியே போவதன்று என்பதை உடற்கூறு படிக்கிற முதல் வருஷத்து மாணவனும் சொல்லிவிடுவான். ஆனால் பாமர் அந்த ஒரு சம்பவத்தின் மேல் ஒரு மாளிகையையே எழுப்பினார்: நோய்களில் 100-க்கு 95, இடம் பெயர்ந்த கசேருக்கள் நரம்பை நெருக்குவதனால் வருபவை என்றும், அவற்றை நேராக்கினால் உடலின் உள்ளே உறையும் ஓர் இயற்கை ஞானம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றும் எழுதினார். 1897-இல் பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டது.

ராஜ்யத்துக்கு ஒரு வைத்தியச் சட்டமும், லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்பவருக்கு அபராதமும் சிறையும் ஏற்பட்டுவந்த காலம் அது. 1906-இல் பாமர் பிடிபட்டார், குற்றம் நிரூபணமாயிற்று. அபராதத்தைக் கட்டியிருந்தால் அன்று மாலையே வீடு திரும்பியிருக்கலாம். அவரோ கொள்கையின் பேரால் சிறையைத் தேர்ந்துகொண்டார். சில வாரங்களில் மனம் மாறி அபராதத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார் என்பது உண்மையே என்றாலும், சிறைக்குப் போனார் என்ற பகுதியைத்தான் சிஷ்யர்கள் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் தலையெழுத்தை நிர்ணயித்தது குருவின் வழக்கன்று. மறு வருஷம் விஸ்கான்சின் ராஜ்யத்தின் லா கிராஸ் நகரில் நடந்த ஒரு சிஷ்யரின் வழக்கு. ஷெகதாரோ மொரிகுபோ ஜப்பானில் பிறந்தவர். பாமரின் பள்ளியில் பட்டம் பெற்று அந்த ஊருக்கு வந்து தொழில் நடத்தியவர். லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம், சஸ்திர சிகிச்சை, ஆஸ்டியோபதி ஆகியவற்றைச் செய்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். விசாரணைக்கு வருவதற்குள் முன்னிரண்டும் கழிந்து, ஆஸ்டியோபதி ஒன்றே எஞ்சி நின்றது. வழக்கைத் தூண்டியவர்களும் ஆஸ்டியோபதிக்காரர்களே. தாங்கள் அப்போதுதான் அரும்பாடு பட்டுப் பெற்றிருந்த லைசென்ஸின் வேலிக்குள் இன்னொருவர் இலவசமாக நுழைவதை அவர்கள் சகிக்கவில்லை.

மொரிகுபோவுக்காக வாதாடிய டாம் மாரிஸ், இந்தச் சிகிச்சை நல்லது என்றோ, நோயைத் தீர்க்கிறது என்றோ நிரூபிக்க முற்படவில்லை. ஆஸ்டியோபதிக்காரர் ரத்த ஓட்டத்தின் தடையே நோய்க்குக் காரணம் என்பார். என் கட்சிக்காரர் நரம்பின் நெருக்கமே காரணம் என்பார். ஆகையால் இருவர் கைகளும் ஒரே முதுகின் மேல் ஒரே விதமாக இயங்கினாலும், ஒருவர் செய்வது மற்றவருடைய தொழில் ஆகாது என்பதே அவருடைய வாதம். தனித் தத்துவம் உண்டு என்பதற்குச் சாட்சியமாக, முந்திய வருஷம் லாங்வொர்தி, ஸ்மித், பாக்ஸன் என்ற மூவர் வெளியிட்டிருந்த புத்தகத்தையும் கோர்ட்டில் காட்டினார்கள். ஜூரிகள் மொரிகுபோவை விடுதலை செய்தார்கள்.

கையின் அசைவைப் பார்க்காமல் மனத்திலுள்ள கொள்கையைப் பார்த்து ஒருவனை விடுதலை செய்த இந்தத் தீர்ப்பு, வாதத் திறமைக்குக் கிடைத்த வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வெற்றிக்குப் பிறகு தத்துவம் என்பது கைரோபிராக்டருக்கு வெறும் நம்பிக்கையாக மட்டும் இருக்க இயலாமல், வழக்கு வந்தால் எடுத்து நீட்டவேண்டிய கேடயமாகவும் ஆகிவிட்டது. தத்துவத்தைத் திருத்திக்கொண்டால் டாக்டர்களைப் போல ஆகிவிடுவோம்; டாக்டர்களைப் போல ஆகிவிட்டால் லைசென்ஸ் இன்றி மருத்துவம் செய்தவர்களாகிவிடுவோம். பரிசோதனையின் முன் வைத்துப் பார்த்து வேண்டாததைக் கழிக்கும் சுதந்திரத்தை இந்தத் தொழில் தன் பன்னிரண்டாவது வயதிலேயே கோர்ட்டில் அடகு வைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கன்ஸாஸ் ராஜ்யம் 1913-இல் முதன்முதலாகக் கைரோபிராக்டர்களுக்கென்று தனிச் சட்டம் செய்தது. மற்ற ராஜ்யங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன; கலிபோர்னியாவில் விவகாரம் முற்றிற்று. அங்கே தண்டிக்கப்பட்டவர்கள் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போவதையே ஓர் இயக்கமாக்கினார்கள். சட்டசபை இணங்காதபோது நேரே ஜனங்களிடம் போய், 1922 நவம்பரில் வாக்கெடுப்பின் மூலமே சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார்கள். ஜனங்கள் செய்த சட்டம் ஆகையால், ஜனங்களின் வாக்கு இன்றிச் சட்டசபை தானாக அதைத் திருத்த முடியாது என்ற விசித்திர நிலை இன்றும் அங்கே நீடிக்கிறது. ஒரு சிகிச்சை முறை சரியா தவறா என்பதை வாக்குப் பெட்டி சொல்லாது. ஆனால் அதைச் செய்பவனைச் சிறையிலடைக்க வேண்டுமா என்பதைச் சொல்லும், சொல்லிற்று.

டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. எந்த முறை வைத்தியராயினும் முதலில் உடற்கூறு, உடலியக்கம், ரசாயனம், நோயியல், கிருமியியல் ஆகிய பாடங்களில் பொதுப் பரீட்சை ஒன்றில் தேறியாக வேண்டும் என்ற சட்டங்கள் 1925-இல் விஸ்கான்சின், கனெக்டிகட் ராஜ்யங்களில் தொடங்கிப் பலவற்றில் பரவின. வெளிப்பார்வைக்கு நியாயமான விதி. உள்நோக்கம் யாவருக்கும் தெரிந்ததே. ஆயினும் இந்தப் பரீட்சையின் பயமே கைரோபிராக்டிக் பள்ளிகளைத் தங்கள் பாடத்திட்டத்தைச் சீர்திருத்தத் தூண்டியது. கடைசி ராஜ்யமான லூயிஸியானா 1974-இல்தான் கதவைத் திறந்தது.

அதற்குச் சில வருஷங்கள் முன்பே நூற்றாண்டின் பெரிய வழக்குக்கு விதை விழுந்தது. அமெரிக்க மருத்துவ சங்கம் போலி வைத்தியத்தை ஒழிக்க 1963-இல் ஒரு கமிட்டியை நியமித்தது. 1966-இல் கைரோபிராக்டிக்கை விஞ்ஞானத்துக்குப் புறம்பான மதம் போன்றது என்று தீர்மானமும் போட்டது. அத்துடன் நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிரார். விஞ்ஞான ஆதாரமில்லாத முறையைக் கைக்கொள்பவரோடு எந்த டாக்டரும் தொழில்முறையில் சேரலாகாது என்ற ஒழுக்க விதி ஒன்று சங்கத்தில் இருந்தது. அதன் விளைவாக, ஒரு கைரோபிராக்டரிடமிருந்து நோயாளியை ஏற்றுக்கொள்வதும், அவரிடம் நோயாளியை அனுப்புவதும், அவருடைய கல்லூரியில் பாடம் சொல்வதும் டாக்டருக்குத் தோஷமாயின. ஒழுக்க விதி என்பது தன்னைத் தானே கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்டது. இங்கே அது பக்கத்துக் கடைக்காரனின் வாடிக்கையைத் தடுக்கும் வேலியாயிற்று.

செஸ்டர் வில்க் என்ற கைரோபிராக்டரும் அவருடைய சகாக்கள் சிலரும் 1976-இல் சிகாகோ ஃபெடரல் கோர்ட்டில், வியாபாரத்தில் கூட்டுச் சதியைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்கு வாதாடிய ஜார்ஜ் மக்ஆண்ட்ரூஸின் தகப்பனாரே ஒரு கைரோபிராக்டர். 1981-இல் ஜூரிகள் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அப்பீலில் அது ரத்தாகி, மறுவிசாரணை நடந்து, 1987-இல் நீதிபதி சூசன் கெட்ஸெண்டானர் சங்கத்தைக் குற்றவாளி என்று தீர்மானித்தார். நோயாளிகளின் நலனில் உண்மையான கவலை கொண்டே செய்தோம் என்ற வாதத்தை அவர் பொய் என்று தள்ளவில்லை. அந்தக் கவலையை நிறைவேற்றப் பகிஷ்காரத்தைவிடக் குறைந்த கொடுமையுள்ள வழி இருக்கவில்லை என்று சங்கம் நிரூபிக்கவில்லை என்றார். தடையுத்தரவைச் சங்கத்தின் சொந்தப் பத்திரிகையிலேயே பிரசுரிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். 1988 ஜனவரியில் அது அச்சேறியது. மேல் கோர்ட்டும் 1990-இல் தீர்ப்பை உறுதி செய்தது.

கைரோபிராக்டர்களின் விளம்பரங்களில் இந்தத் தீர்ப்பு, தங்கள் முறைக்கு நியாயஸ்தலம் கொடுத்த விஞ்ஞானச் சான்றிதழ் போல அடிக்கடி காட்சியளிக்கும். ஆனால் அந்த முறை நோயைத் தீர்க்குமா என்பது தம் முன்னுள்ள பிரச்னை அன்று என்று நீதிபதி பட்டவர்த்தனமாகவே சொல்லிவிட்டார். 1907-இல் ஜூரிகள் கேட்காமல் விட்ட கேள்வியை எண்பது வருஷங்கள் கழித்து நீதிபதியும் கேட்கவில்லை. லைசென்ஸ் கொடுத்த சட்டசபைகளும் கேட்கவில்லை. இது கடமை தவறியதாகாது. கோர்ட்டுக்கும் சட்டசபைக்கும் அந்தக் கேள்வியை விசாரிக்கும் கருவி இல்லை.

பின் யார்தான் கேட்பது? பரீட்சை ஓரளவு கேட்கிறது. இன்று ஐக்கிய அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஆக விரும்புபவர், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 4,200 மணி நேரம் பயின்று, 1963-இல் ஏற்பட்ட தேசியத் தேர்வு வாரியத்தின் நான்கு பாகப் பரீட்சையில் தேறி, அதன்பின் தம் ராஜ்யத்துப் போர்டிடம் லைசென்ஸ் பெறவேண்டும். நோயாளியாக நடிப்பவரின் கழுத்தை எங்கே பற்றுவது, எந்தப் பக்கம் திருப்புவது, எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தால் கையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் பரீட்சிக்கப்படுகின்றன. அதாவது, எப்போது தொடக்கூடாது என்பதை அறிந்திருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். பாமரின் 95 சதவீதம் பரீட்சைத் தாளிலிருந்து ஏறக்குறைய ஓசையின்றி நழுவிவிட்டது.

எஞ்சியதைக் கேட்பது ஒழுக்க விதிகள். நோயாளியோடு தகாத உறவு, செய்யாத சிகிச்சைக்குப் பில், பல மாதச் சிகிச்சைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு பின்பு திருப்பித் தராமை ஆகியவை எந்தப் போர்டின் முன்பும் வரும் புகார்கள். ‘முதல் பரிசோதனை இலவசம்’ என்று விளம்பரம் செய்து வந்தவரிடம் எக்ஸ்ரேக்கும் மற்றதுக்கும் காசு பறிக்கும் வழக்கம் பரவியபோது, அப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்த்து வந்தவர், 72 மணி நேரத்துக்குள் அதன் விளைவாகச் செய்யப்பட்ட வேறு எந்தச் சேவைக்கும் பணம் கொடுக்க மறுக்கலாம் என்று ஃபுளோரிடா சட்டம் செய்தது. அந்த உரிமையை விளம்பரத்திலேயே அச்சிடவும் வேண்டும். சித்தாந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாத இந்த விதி, சித்தாந்தத்தைப் பற்றிய பல கண்டனங்களைவிட நோயாளிக்கு அதிக ரக்ஷை என்றே நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் ரஸமானது. 1994-இல் அங்கே பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து, பதிவு செய்துகொள்ளாத எவரும் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஏற்பாடு செய்தது. விஞ்ஞான எழுத்தாளர் சைமன் சிங், குழந்தைகளின் வயிற்று வலி, காது நோய், ஆஸ்துமா முதலியவற்றையும் குணப்படுத்தலாம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்று 2008-இல் கார்டியன் பத்திரிகையில் எழுத, பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவர்மீது மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. 2010 ஏப்ரல் முதல் தேதி அப்பீல் கோர்ட் சிங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவே, இரண்டு வாரங்களில் சங்கம் வழக்கை வாபஸ் வாங்கிற்று. இதற்கிடையில் கோபம் கொண்ட வாசகர்கள் கைரோபிராக்டர்களின் விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஆதாரமற்ற வாக்குறுதி தருவது தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று பதிவுக் கவுன்சிலுக்கு நூற்றுக்கணக்கில் புகார் எழுதினார்கள். வேறொரு சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு அவசரக் கடிதம் அனுப்பி, விளம்பரங்களையும் துண்டுப் பிரசுரங்களையும் உடனே அகற்றச் சொல்லிற்று. சிகிச்சை உண்மையா என்று கேட்க முடியாத சட்டம், விளம்பரம் உண்மையா என்று கேட்கலாயிற்று. கேள்வி ஒன்றே, வாசல்தான் வேறு.

புகாரை விசாரிப்பவர் யார் என்பதில்தான் இன்னும் தகராறு தீரவில்லை. கழுத்தைச் சடக்கென்று திருப்புவதால் அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனி கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வமாயினும் நேர்ந்ததுண்டு என்று சொல்லப்படுகிறது. அந்த அபாயத்தைச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்யுமாறு கனெக்டிகட் போர்டை 2010-இல் கேட்டார்கள். நாலு நாள் விசாரணை நடந்தது. பாதிக்கப்பட்டவர்களும் நிபுணர்களும் சாட்சி சொன்னார்கள். கைரோபிராக்டர்களே பெரும்பான்மையாக வீற்றிருந்த அந்தப் போர்டு, அத்தகைய தனி எச்சரிக்கை அவசியமில்லை என்று தீர்மானித்தது. ஐந்து வருஷங்களுக்குப் பின், வட கரோலினாவின் பல் வைத்திய போர்டைப் பற்றிய வேறொரு வழக்கில், தொழில் செய்பவர்களே ஆதிக்கம் செலுத்தும் போர்டுகள் ராஜ்யத்தின் நேரடி மேற்பார்வை இல்லாதபோது ஷெர்மன் சட்டத்துக்குத் தப்ப முடியாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வில்க் பிரயோகித்த அதே சட்டந்தான். அந்தப் பல் வைத்தியர்கள் பல்லை வெளுப்பாக்கும் கடைக்காரர்களை விரட்டப் புறப்பட்ட கதையை அடுத்த இதழில் சொல்கிறேன்.