பலகையைக் குறை சொல்லும் முன் அதன் அடியில் பாருங்கள்

மழை வெயில் தாங்கும், கரையான் அரிக்காது, பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் கம்போசிட் பலகையை விற்கிறார்கள். கரையான் விஷயத்தில் பெரும்பாலும் குறையில்லை. மற்ற இரண்டையும் அப்படியே நம்பி பாகான் நக்கோடா ஓமார் போன்ற கடலோர ஊரில் வீட்டு முன்புறம் தளம் போட்டால் வருத்தம்தான் மிஞ்சும். அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. மேலுறை இல்லாத ரகமாக இருந்தால், மரத்தூள் நீரை உறிஞ்சும். நிறம் வெளுக்கும், கரும்புள்ளியாகப் பூஞ்சை படியும். அமெரிக்காவிலேயே ட்ரெக்ஸ் நிறுவனப் பலகைகளில் பூஞ்சை படிந்ததாக வாங்கியவர்கள் தொடுத்த கூட்டு வழக்கு 2013-இல் சமரசத்தில் முடிந்தது.

ஆனாலும் கோளாறு பெரும்பாலும் பொருத்திய விதத்தில்தான் இருக்கிறது. நம் பக்கம் தாழ்நிலம். பெருமழை பெய்தால் வாசலில் தண்ணீர் தேங்கும். செலவைக் குறைக்கச் சிமெண்டுத் தரையை ஒட்டியே பலகையைப் போட்டுவிட்டால், அடியில் காற்று நுழையாது, நீர் வடியாது. பலகை கீழிருந்து ஊறி உப்பும். உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். தாங்கும் குறுக்குக்கட்டைகள் பொதுவாக 40 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும், படிக்கட்டில் இன்னும் நெருக்கமாக. இடைவெளி கூடினால் பலகை தொய்யும். அதற்குப் பலகையைக் கழற்றி, நடுவே கூடுதல் கட்டை சேர்த்தால் போதும். வெயிலில் பலகை நீளும் என்பதால் முனைகளில் இடம் விடாவிட்டால் ஒன்றையொன்று தள்ளி மேலெழும்பும். உப்புக்காற்றில் சாதாரணத் திருகாணி துருப்பிடிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பூஞ்சைக்குச் சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் போதும், கம்பித் தூரிகை கூடாது.

"இந்தப் பலகையே இப்படித்தான்" என்று குத்தகையாளர் கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கு வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். வேலையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். இந்த உரிமையை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிப் பறிக்க முடியாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கு இடமில்லை, நீங்களே பேசலாம். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாதது குற்றம். நம்மில் பலர் தோற்பது கையில் தாள் இல்லாததால்தான். வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுக்காதீர்கள். பலகையின் பெயர், கட்டை இடைவெளி, திருகாணி ரகம் எல்லாம் விலைப்பட்டியலில் எழுதியிருக்கட்டும். தயாரிப்பாளரின் பொருத்தும் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள். பலகை மூடுவதற்கு முன் அடிப்பகுதியைப் படமெடுத்து வையுங்கள்.

பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தாக வேண்டும். அதற்கான கட்டணம் 5 வெள்ளி.