ஹங்குரன்கெத்த அரண்மனை

கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு எதிராக 1664இல் நிலம்பையில் கிளர்ச்சி வெடித்தது. உயிர் தப்பிய மன்னன் பின்னர் ஹங்குரன்கெத்தவையே இருப்பிடமாக்கிக்கொண்டான். அக்காலத்தில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இவ்வரண்மனையை விவரிக்கிறார். சுற்றிலும் களிமண் மதில். மழையில் கரையாதிருக்க அதன்மேல் கூரை வேய்ந்திருந்தனர். மண்மதில் எத்தனை நாள் தாங்கும்? உண்மையான அரண் சுற்றியிருந்த மலைகளே. உள்ளே தாழ்வான சிறு கட்டடங்கள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல் நின்றன.

தம் ஆட்சிக்கு எதிரான 1818 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் அரண்மனையை அழித்தனர். எஞ்சிய கட்டடப் பொருட்கள் அருகிலுள்ள பொத்குல் விகாரைக்குப் பயன்பட்டன. பழைய ஏட்டுச்சுவடிகளுக்குப் பெயர்பெற்ற அந்த விகாரை இன்றும் வழிபாட்டில் உள்ளது.