அஞ்ஞானம் என்னும் சொல்

திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரி மணலில் நெடுவிளை என்று வழங்கிய ஊர், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கிறித்தவ ஊராகி, உண்மையறிவின் ஊர் என்னும் பொருளில் மெஞ்ஞானபுரம் எனப் பெயர் பெற்றது. அப்பெயருக்குள் ஒலிக்காமல் நின்ற எதிர்ச்சொல் அஞ்ஞானம்.

ஞானத்தின் முன் எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்து உருவான இவ்வடசொல், சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம், அதாவது உயிரின் அறிவை மூடி நிற்கும் அழுக்கு, விளைக்கும் அறியாமையைக் குறிக்கும். சைவர்கள் பிற சமயத்தாரைக் கடிந்ததுண்டு. எனினும் இந்த அறியாமை எவ்வுயிர்க்கும் பொதுவான பிணியே ஆதலால், சைவனும் அதற்கு விலக்கல்லன்.

1713இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்த முதல் தமிழ் நூல்களுள் மிஷனரி சீகன்பால்குவின் ‘அக்கியானம்’ ஒன்று. அஞ்ஞானத்தின் பேச்சு வடிவமான அச்சொல் அங்கே உருவ வழிபாட்டுக்குப் பெயராயிற்று. உள்ளிருந்த குறை அயலானின் சமயமாக மாறிய இடங்களுள் இது ஒன்று.

அம்மாற்றம் வேரூன்றிய மண் நெல்லைச் சீமை. 1820இல் மிஷனரி இரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் ஊர் ஊராகச் சபைகள் பெருக, கிறித்தவரை வேதக்காரர் எனவும், அவர்களின் ஆலயத்தை வேதக்கோயில் எனவும் வழங்கினர். சபையில் சேர்க்கும் சடங்கு ஞானஸ்நானம், பாடுவது ஞானப்பாட்டு. ஞானம் இவ்வாறு ஒரு சமயத்தின் உடைமையானபின், நாட்டார் தெய்வமான சுடலைமாடனுக்குக் கொடை கொடுத்தவர் அஞ்ஞானி ஆனதில் வியப்பில்லை. ஒரே குடும்பத்தில் தம்பி வேதக்காரராகவும் அண்ணன் அஞ்ஞானியாகவும் இருக்க நேர்ந்தது. ஆனால் அந்த அண்ணன் தம்மை ஒருபோதும் அப்பெயரால் அழைத்துக்கொண்டிருக்கமாட்டார். தவறான நம்பிக்கையைச் சுட்டும் சொற்கள் பெரும்பாலும் இத்தகையவை: சொல்பவர்க்கு விளக்கம், கேட்பவர்க்கு வசை.

1925இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கிய பெரியாரின் சுயமரியாதை இயக்கம் பரப்பிய மூடநம்பிக்கை என்னும் சொல்லோ, வேதக்கோயிலையும் மாடன் கோயிலையும் ஒரே தராசில் வைத்தது; அங்கே அளவுகோல் வேதமன்று, பகுத்தறிவு.

அஞ்ஞானி என்னும் சொல் வேதாகமத்திலும் இடம்பெற்றது. இடையன்குடியில் வாழ்ந்த மிஷனரி கால்டுவெல்லும் பங்குகொண்ட திருத்தத்தின் பயனாக 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகமத்தில், மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் யூதரல்லாதாரை ‘அஞ்ஞானிகள்’ என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அவ்விடத்தில் ‘பிற இனத்தவர்’ என்கிறது. மூலத்துக்கு நெருக்கமானது பின்னதே. அங்குள்ள கிரேக்கச் சொல்லில் இனம் உண்டு, அறியாமை இல்லை.