உங்கள் செயலி யார் பெயரில் இருக்கிறது?

தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ புதிய ஸ்மார்ட்போன் வாங்கும் பலர், "எல்லாத்தையும் போட்டுக் கொடுத்துடுங்க தம்பி" என்று கடையிலேயே சொல்லிவிடுகின்றனர். கடைக்காரரும் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, தானே ஒரு பாஸ்வேர்ட் அமைத்து, தேவையான செயலிகளை இன்ஸ்டால் செய்து தருகிறார். அந்தக் கணக்கு எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

முன்பு புரோகிராம்கள் சிடியில் வந்தன. உறையில் உள்ள சீரியல் எண்ணை டைப் செய்தால் போதும். நீங்கள் யார் என்று அது கேட்காது. 2008ல் ஆப்பிள் ஆப் ஸ்டோரும், கூகுளின் ஆண்ட்ராய்ட் மார்க்கெட்டும் வந்தன. பின்னது 2012ல் கூகுள் பிளே எனப் பெயர் மாறியது. விண்டோஸ் 8 உடன் மைக்ரோசாப்டின் ஸ்டோரும் அதே ஆண்டில் வந்தது. இவற்றில் சீரியல் எண்ணின் இடத்தை உங்கள் கணக்கு பிடித்துக் கொண்டது.

எப்படிச் செயல்படுகிறது?

கட்டணச் செயலி ஒன்றை வாங்கினால், அந்த விபரம் ஸ்டோரின் சர்வரில் உங்கள் கணக்கின் கீழ் பதிவாகிறது. செயலி இயங்கும்போது, "இந்தக் கணக்கு இதை வாங்கியதா?" என்று ஸ்டோரைக் கேட்டுச் சோதிக்க முடியும். ஐட்யூன்ஸ் மூலம் கம்ப்யூட்டரில் இறக்கிய ஐபோன் செயலிகளின் பைலுக்குள் வாங்கியவரின் ஆப்பிள் ஐடியே எழுதப்பட்டிருந்தது. பைலை நண்பருக்குக் காப்பி செய்து கொடுத்தாலும், அது வாங்கியவரின் பாஸ்வேர்டையே கேட்டது.

நம் ஊர் வழக்கில் சொன்னால், இது பட்டா அல்ல, குத்தகை. பயன்படுத்தும் உரிமை மட்டுமே உங்களுக்கு; அதுவும் அந்தக் கணக்கின் பெயரில். கூகுள் பிளேயில் வாங்கியதை வேறு கணக்கிற்கு மாற்ற இயலாது. ஒரு கணக்கில் வாங்கியவற்றை இன்னொன்றிற்கு மாற்றும் வசதியை ஆப்பிள் 2025ல் அறிமுகம் செய்தபோது, இந்தியா அதில் சேர்க்கப்படவில்லை.

இலவசச் செயலி என்றால்?

டெல்டா விவசாயிகள் பலர் பயன்படுத்தும், 2018ல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலி இலவசம்தான். இங்கே இரண்டு அடையாளங்கள் உள்ளன. டவுன்லோட் செய்தது கூகுள் கணக்கின் பெயரில். செயலிக்குள் பதிவு செய்தது உங்கள் மொபைல் எண்ணில். போனை மாற்றும்போது இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2015ல் வந்த ஆண்ட்ராய்ட் 5.1 முதல், திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது. லாக் பேட்டர்ன் மறந்து போய், பட்டன்களை அழுத்தி போனை ரீசெட் செய்தால், பழைய கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது கடைக்காரர் அமைத்தது, உங்களுக்குத் தெரியாது என்றால், காசு கொடுத்து வாங்கிய போனுக்குள் நீங்களே நுழைய முடியாது.

இன்றே செய்திட வேண்டியவை

1. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொடவும். எந்த மின்னஞ்சல் முகவரி உள்ளது என்று பார்த்துக் குறித்துக் கொள்ளவும்.

2. கடையில் அமைத்த பாஸ்வேர்டை உடனே மாற்றவும். கணக்கை மீட்பதற்கான எண்ணாக உங்கள் மொபைல் எண்ணைக் கொடுக்கவும்.

3. குடும்பத்தில் பலர் போன் வைத்திருந்தால், ஒரே கணக்கை எல்லாரும் பயன்படுத்த வேண்டாம். கூகுளின் குடும்பக் குழுவில் ஆறு பேர் வரை சேரலாம். தகுதியுள்ள கட்டணச் செயலிகளைப் பகிர்ந்து கொள்ளலாம்.

4. போனை விற்கும் முன், செட்டிங்ஸில் உங்கள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்திடவும். இல்லையேல் வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

நிலப் பத்திரத்தைப் பத்திரமாக வைப்பவர்கள் நாம். கணக்கின் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, அந்தப் பத்திரத்துடனேயே வைத்துவிடுங்கள்.