கறியைக் குறைத்தால் இலையில் என்ன வைப்பது?

உடம்புக்கும் பூமிக்கும் நல்லது, கறியைக் குறையுங்கள் என்ற அறிவுரையை விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றில் அப்படியே சொன்னால் பாதிதான் பொருந்தும். 2014-ல் எடுத்த அரசின் மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். ஆனால் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் இறைச்சி தின்னும் அமெரிக்கரும் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ எடுத்து ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பமும் ஒன்றல்ல. பதப்படுத்திய இறைச்சி நாளுக்கு 50 கிராம் கூடினால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை 2015-ல் சொன்னது. கரிசல் காட்டில் சாசேஜ் தின்பவர்கள் சொற்பம். இங்கே பார்க்க வேண்டியது, பிராய்லர் வந்த பிறகு கறி எதனோடு சேர்ந்து வருகிறது என்பதை. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சால்னாவும் சில்லி சிக்கனும் ஒரே இலையில் வரும்போது மைதா, எண்ணெய், கறி மூன்றும் ஒன்றாகவே வயிற்றுக்குள் போகின்றன. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்கிறது 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு. கோழியை நிறுத்திவிட்டு பரோட்டாவில் ஒன்றைக் கூட்டினால் சர்க்கரை நோயுள்ள உடம்புக்கு லாபம் ஏதுமில்லை.

சூழல் கணக்கு இன்னும் சிக்கலானது. மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருவதாக 2013-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்கிட்டது. அசைபோடும் ஆடுமாடுகள் மீத்தேன் விடும்; கோழி கிட்டத்தட்ட விடாது. அதை வைத்து ஆட்டை விட்டுக் கோழிக்கு மாறச் சொல்பவர்கள் தீவனத்தை மறந்துவிடுகிறார்கள். விருதுநகர் மாவட்ட மானாவாரியில் விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குத்தான் போகிறது. 2018-ல் அந்த மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்தபோது, ஒரே பயிரை நம்பியவர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. கோழி தின்னும் புரதத்தில் பாதிகூடக் கறியாகத் திரும்புவதில்லை. அதே கரிசலில் உளுந்தோ பாசியோ போட்டால் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும், மனிதர் தின்ன நேரடியாகப் புரதமும் கிடைக்கும். ஆடு வேறு வகை. அறுப்பு முடிந்த காட்டில் தாளையும் களையையும் மேய்ந்து, கிடை போட்டால் உரமும் தருகிறது. அதன் மீத்தேனை மறைக்க முடியாது. பண்டிகைக்கும் கொடைக்கும் வெட்டும் அளவில் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது என்பது என் கட்சி. அந்த அளவில் ஆடு வளர்ப்பவரின் பிழைப்பும் கெடாது.

கறியைக் குறைத்தால் ரத்தசோகை கூடாதா என்பது நியாயமான கேள்வி. கறியில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்கும். ஆனாலும் 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனைக்கும் மாநிலமே அசைவம். பல வீடுகளில் துண்டு ஆண்களுக்கும் குழம்பு பெண்களுக்கும் போவதை நாம் பேசுவதில்லை. இந்தப் பெண்கள் கறியைக் குறைக்க வேண்டியவர்கள் அல்லர். பள்ளிச் சத்துணவு முட்டையிலும் யாரும் கைவைக்கக் கூடாது. கறி தின்பதை இழிவென்று சொல்லும் சாதிப் பேச்சுக்கும் இந்த வாதத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாரத்தில் நாலு நாள் கடைக் கறி தின்ன வசதியுள்ளவரிடம்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் குறைத்தாலும் அந்த இடத்தில் பருப்பு வர வேண்டும், சோறு அல்ல. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு பேர் வீட்டில் அது தலைக்கு நாளுக்கு 8 கிராம் சொச்சம். பருப்பு வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மல்லாங்கிணற்றுக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது, அந்த ஒரு கிலோவை மூன்றாக்குவதையும் அதில் ஒரு பங்கை உள்ளூர் உளுந்தாகவும் பாசியாகவும் கொள்முதல் செய்வதையும்தான்.